வலது கன்னத்துக்குச் சிவப்பு மூடி

ஜூலை 15

இந்த நோட்டை நான் கேட்டு வாங்கவில்லை. நீங்களாகக் கொடுத்தது. தினமும் தேதி போட்டு, தடவிய நேரம், எத்தனை சொட்டு, எரிச்சல் உண்டா, வெயிலில் போனேனா என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். அதற்குக் கீழே ‘குறிப்பு’ என்று போட்டு முக்கால் பக்கம் வெறும் கோடு. அதில் என்னத்தை எழுத என்று உங்கள் ஆய்வுக்கூடத்து ஹேமலதா மேடத்திடம் கேட்டேன். “மனசுல என்ன தோணுதோ எழுதுங்க” என்றார். பிறகு யாரும் என்மேல் வருத்தப்படக் கூடாது.

பெயர் பேச்சியம்மாள். வயது இருபத்தேழு. ஊர் சங்கரன்கோவில் பக்கம். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஐந்து வருடமாகச் சேல்ஸ் வேலை. கிண்டியில் இருக்கும் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் நான் நம்பர் 31.

கூத்து இதுதான். இரண்டு குட்டி பாட்டில். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. ஒன்றில் முகத்தை வெளுக்க வைக்கும் என்று நீங்கள் நினைக்கும் வைட்டமின் சி மருந்து இருக்கிறது. மற்றதில் மருந்து கிடையாது, பார்க்க மட்டும் அதே மாதிரி. எது எது என்று எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாதாம், சீல் வைத்த உறைக்குள் இருக்கிறதாம். சிவப்பு மூடி வலது கன்னத்துக்கு, நீல மூடி இடது கன்னத்துக்கு. எட்டு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய் வந்து கன்னத்தைக் காட்ட வேண்டும்.

“பாதி மூஞ்சி வெள்ளையாவும் பாதி மூஞ்சி கருப்பாவும் நின்னா யாரு பொறுப்பு?” என்று கேட்டேன்.

“அவ்வளவெல்லாம் மாறாதுங்க” என்றார் மேடம்.

அப்புறம் எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

பேனா மாதிரி ஒரு கருவியைக் கன்னத்தில் வைத்து அழுத்தினார். வலது 431. இடது 430. எண் குறைந்தால் வெளுத்திருக்கிறது என்று அர்த்தம்.

சோதனைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைக் கொண்டு வந்தவள் என் அறையில் இருக்கும் செல்வக்கனி. அவளும் கூட வந்தாள். வெளுப்பு அதிகம், இந்தச் சோதனைக்கு ஆகாது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். நிறத்தைப் பார்த்து என்னை எடுத்துக்கொண்டு அவளைத் தள்ளிய இடம் உலகத்தில் இது ஒன்றுதான். அதற்காகவே கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 16

காலை 5.40. கன்னத்துக்கு நாலு சொட்டு. எரிச்சல்: தோலில் இல்லை. வெயில்: இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளுக்க ஆசைப்பட்டு நான் இதில் சேரவில்லை. செவ்வாய் விடுமுறையில் விடுதியில் கிடந்தால் தலைவலி வருகிறது. அவ்வளவுதான் காரணம்.

ஜூலை 18

காலை 5.40. நாலு சொட்டு.

எங்கள் அறையில் ஆறு பேர். கடையே நடத்தும் விடுதி, நாலாவது மாடி. ஒருத்தி சீப்பை ஒருத்தி எடுப்பாள், ஒருத்தி பவுடரை ஒருத்தி அப்புவாள். உங்கள் பாட்டில் கருப்புக் கண்ணாடி, வெளியே இங்கிலீஷில் என்னவோ அச்சடித்திருக்கிறது. பார்த்தால் என்ன ஏது என்று கேட்பார்கள். செல்வக்கனி க்ரீம் தடவும்போதெல்லாம், “சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சா?” என்று கேட்கிறவள் நான்.

அதனால் இரண்டையும் காலியான குட்டித் தேங்காய் எண்ணெய் பாட்டில்களில் ஊற்றிவிட்டேன். நல்ல வெள்ளைக் கண்ணாடி. கழுத்தில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல், நீல நூல். ஜன்னல் திட்டில் என் எண்ணெய் பாட்டிலோடு நிற்கிறது. மறைப்பதற்காக மாற்றவில்லை. எவ்வளவு மீதி என்று வெளியே தெரிய வேண்டும் அல்லவா?

ஜூலை 22

5.45. நாலு சொட்டு. வெயில் இல்லை.

தினமும் வெயில் வெயில் என்று கேட்கிறீர்கள். நான் வேலை பார்ப்பது கடையின் கீழ்த்தளத்தில். பெட்ஷீட், துண்டு, மிதியடி. வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே தெரியாது. முன்னே நாலு வருடம் மூன்றாம் மாடியில் பட்டுப் பிரிவில் இருந்தேன். படி ஏற முடியாமல் நானாகக் கேட்டு இறங்கி வந்தேன்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி தீபாவளி லிஸ்ட் ஒட்டுவார்கள். அதில் பட்டுப் பிரிவில் பெயர் வந்தவர்கள் பொங்கல் வரை மேலே நிற்கலாம். வராதவர்கள் மிதியடி உதறலாம். எனக்கு அதில் ஒன்றும் பெரிய அக்கறை கிடையாது. சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூலை 29

கிண்டி. ஹேமலதா மேடம் நோட்டை வாங்கி, கட்டங்களில் டிக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பட்பட்டென்று புரட்டினார். குறிப்பில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ரொம்ப நல்லது. இனி எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

“பாட்டில் கொண்டு வந்தீங்களா? எவ்வளவு மிச்சம்னு பாக்கணும்.”

“மறந்துட்டேன் மேடம்.”

வலது 430. இடது 430.

“ஒண்ணுமே மாறலையே மேடம்.”

“ரெண்டு வாரம்தானே ஆச்சு? பொறுமையா இருங்க.”

பொறுமையாக இருக்கச் சொல்கிறவர்களுக்கு எல்லாம் செப்டம்பர் ஒன்றாம் தேதி லிஸ்ட் ஒட்டுவதில்லை.

ஆகஸ்ட் 3

6.00. நாலு சொட்டு.

ஜூலை 22 அன்று எழுதியது பொய். நீங்கள்தான் படிப்பதில்லையே, உண்மையை எழுதினால் என்ன?

பட்டுச்சேலையை மேசையில் விரித்தால் போதாது. நாங்கள் தோளில் போட்டு, முந்தியை இறக்கி, கண்ணாடி முன்னால் நின்று காட்ட வேண்டும். நாலு வருடம் அப்படித்தான் விற்றேன். என் கொசுவம் மாதிரி அந்த மாடியில் யாருக்கும் நிற்காது. போன ஏப்ரலில் ஒரு அம்மா வந்தார். ரோஸ் பட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். “இந்தப் பொண்ணு மேல போட்டா புடவையோட கலரே தெரியலைங்க. வேற யாராவது போட்டுக் காட்டுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காப்பியில் சர்க்கரை குறைவு என்கிற மாதிரி சொன்னார்.

எங்கள் மாடி சூப்பர்வைசர் ராஜமணி அண்ணாச்சி, “செல்வக்கனி, நீ வா” என்றார். அவள் வந்து என் தோளில் கிடந்த சேலையை உருவித் தன் தோளில் போட்டாள். அந்த அம்மா வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் என்னைக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். செல்வக்கனியோடு பத்து நாள் பேசவில்லை. அவள் என்ன செய்வாள் பாவம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட் 7

5.40. இடது நாலு சொட்டு. வலது ஆறு.

சிவப்பு நூல் பாட்டிலில் இருப்பது நிறம் மாறிவிட்டது. முதலில் தண்ணீர் மாதிரி இருந்தது, போன வாரம் தேன் மாதிரி, இப்போது கடுந்தேயிலை. நீல நூல் பாட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. சிவப்புதான் மருந்து. பக்குவம் ஆகிறது. வைத்தியர் கொடுக்கும் அரிஷ்டம்கூட நாள்பட நாள்படத்தானே கறுத்து வீரியம் கூடும்? சீல் வைத்த உறை, யாருக்கும் தெரியாத ரகசியம் என்று பெரிய பீற்றல். ஜன்னலில் வைத்து நான் மூன்று வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

இனி வலது பக்கம் ஆறு சொட்டு. கட்டத்தில் நாலு என்றுதான் போடுவேன்.

ஆகஸ்ட் 9

அண்ணாச்சி இன்றைக்குக் கீழ்த்தளத்துக்கு ஸ்டாக் பார்க்க வந்தார். அவருக்கு வலது கன்னம் தெரிகிற மாதிரி நின்றேன். அவர் நகர நகர நானும் திரும்பினேன். மனுசன் சுற்றி வந்து இடது பக்கம் நின்றுகொண்டு, “என்ன பிள்ள, மூஞ்சி தெளிச்சலா இருக்கு?” என்றார்.

இடது பக்கம் பார்த்துச் சொன்னாரே, வலது பக்கம் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்! எனக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. ஆனாலும் இன்று இரண்டு கரண்டி சோறு கூடவே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12

கிண்டி. வலது 441. இடது 428.

மேடம் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் 441.

“வலது பக்கம் வெயில் படுதா? ஜன்னலோரம் உக்காந்து பஸ்ல போறீங்களா?”

“கீழ்த்தளத்துல ஏது மேடம் வெயிலு? மிசினு பழுதா இருக்கும்.”

“இன்னிக்கும் பாட்டில் கொண்டு வரலையா? அடுத்த தடவை கண்டிப்பா வேணும்.”

மிசின் பழுதுதான். மருந்து போட்ட பக்கம் கறுக்குமா? இடது பக்கம் 428க்குக் குறைந்ததும் சும்மா, நாலு மாதம் வெயில் படாமல் கிடந்தால் எருமைகூட ஒரு சுற்று வெளுக்கும்.

ஆகஸ்ட் 16

வலது எட்டு சொட்டு. இலேசாகக் குறுகுறு என்கிறது. வேலை செய்கிறது என்று அர்த்தம்.

தலை சீவிக்கொண்டிருந்தபோது செல்வக்கனி என் முகத்தையே பார்த்தாள்.

“ஏட்டி, வலப்பக்கம் என்னமோ தேயிலைச் சாயம் ஒட்டுன மாதிரி இருக்கே. என்னத்தப் போடுத?”

“உனக்கு எதுக்கு? உன் வேலயப் பாரு.”

“சொல்லுததக் கேளு. பழுப்பா இருக்கு பேச்சி.”

பொறாமை. கிண்டியில் தள்ளிவிட்டார்கள் அல்லவா, அந்த வயிற்றெரிச்சல். நானும் மேலே வந்துவிட்டால் இவள் மட்டும் மகாராணியாக நிற்க முடியாதே.

ஆகஸ்ட் 20

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

பதினோரு மணிக்கு மேலிருந்து இன்டர்காமில் அண்ணாச்சி கூப்பிட்டார். மூன்று மாடியும் ஓடினேன். பட்டுப் பிரிவில் ஒரு கல்யாணக் கூட்டம். கொளத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். பெண்ணின் அம்மா, அத்தை, பெண். அண்ணாச்சி என்னைத் தூணுக்கு இந்தப் பக்கம் இழுத்துச் சொன்னார்.

“பொண்ணு உன் கலரு. நம்ம பிள்ளைக யாரு மேல போட்டுக் காட்டுனாலும் அவங்களுக்குத் திருப்தி வரல. நீ போட்டுக் காட்டு.”

கலர் பார்க்க ஒரு துணித்துண்டு வேண்டும், அதற்கு நான். சரிதான் போங்கள் என்று கீழே இறங்கியிருக்க வேண்டும். கால் இறங்கவில்லை. நாலு மாதம் கழித்து அந்த மாடியில் நிற்கிறேன்.

மேசை முழுக்க வெளிர் ரோஸ், சந்தனம், பால் வெள்ளை. பெண்ணின் பெயர் யாழினி. பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தனக்கும் இந்தக் கல்யாணத்துக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி. அத்தைதான் பேசினார்.

“லைட் கலரா எடுங்கம்மா. இவ கருப்பு. டார்க் போட்டா இன்னும் எடுத்துக் காட்டும்.”

வெளிர் ரோஸை என் தோளில் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் என் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்தப் பெண் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அத்தைமேலா, அண்ணாச்சிமேலா, அந்த ரோஸ்மேலா என்று தெரியவில்லை. அலமாரியின் மேல் தட்டில் எனக்குத் தெரிந்த ஒரு சேலை இருந்தது. நல்ல மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். எம்பி இழுத்தேன்.

“மஞ்சளா? ஐயோ, வேணவே வேணாம்” என்றார் அத்தை.

“ஒரு நிமிசம் பாருங்கம்மா. பிடிக்கலன்னா மடிச்சிருதேன்.”

கடையின் டியூப்லைட் பொய் சொல்லும். பழைய வாடிக்கையாளர்கள் சேலையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்ப்பார்கள். மூன்றாம் மாடியில் வாசல் ஏது? படிக்கட்டுத் திருப்பத்தில் பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. யாழினியின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போனேன். முதலில் என் தோளில் போட்டுக் காட்டினேன். பிறகு அவள் தோளில் போட்டு, கொசுவம் வைத்து, முந்தியை இறக்கிவிட்டேன். அவ்வளவு அழகாக இருந்தாள். பொய் சொல்லவில்லை, வியாபாரத்துக்காகவும் சொல்லவில்லை. மஞ்சளும் அவளும் ஒன்றுக்கு ஒன்று என்று பிறந்த மாதிரி இருந்தார்கள்.

அதுவரை போனிலிருந்து கண்ணை எடுக்காதவள், அந்தப் போனை என்னிடம் நீட்டினாள். “ஒண்ணு எடுங்கக்கா. முழுசா வரட்டும்.”

பின்னாலேயே வந்த அம்மா, “இதையே எடுத்துடலாம்” என்றார். நான் வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. அத்தை முணுமுணுத்துக்கொண்டே பில் போடப் போனார்.

ஜன்னலோரம் நாங்கள் இரண்டு பேர்தான். யாழினி என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“வலது கன்னத்துல என்னக்கா போடுறீங்க?”

“ஒண்ணும் இல்ல. தேங்காண்ணெ.”

“பொய். கலர் ஆவுறதுக்குத்தானே? ஒரு பக்கம் மட்டும் வேற மாதிரி மினுமினுன்னு இருக்குதே. எனக்கும் சொல்லுங்கக்கா. நானும் ஆறு மாசமா என்னென்னமோ போட்டுட்டேன், ஒண்ணும் கேக்கல. இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு.”

மதியம் சாப்பிட விடுதிக்குப் போனேன். நாலு மணிக்கு அவர்கள் பிளவுஸ் அளவு கொடுக்க மறுபடி வந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆகஸ்ட் 21

அண்ணாச்சி காலையிலேயே மேலே வரச் சொன்னார்.

“லிஸ்ட்ல உன் பேரு பட்டுலதான். கருப்பா யாரு வந்தாலும் நீ போட்டுக் காட்டு, மத்தவங்களுக்குச் செல்வக்கனி. ஆனா ஒண்ணு. க்ரீம் கீம் போட்டு வெளுத்துத் தொலைச்சிராத. அப்புறம் உன்ன எதுக்கு மேல வைக்க?”

ஏப்ரலில் கருப்பு என்று இறக்கினார்கள், ஆகஸ்டில் கருப்பு என்று ஏற்றுகிறார்கள். எட்டி ஒரு அறை விடலாம் போல இருந்தது. “சரி அண்ணாச்சி” என்றுதான் சொன்னேன். சந்தோசமாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சிவப்பு நூல் பாட்டில் தொலைந்துவிட்டது. இனி வலது பக்கம் தடவவில்லை.

ஆகஸ்ட் 26

கிண்டி. வலது 447. இடது 428. தடவாமல் விட்டு ஐந்து நாள் ஆகியும் இவ்வளவு.

மேடம் ஒரு வெள்ளை லைட்டை என் முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“உண்மையைச் சொல்லுங்க. பாட்டிலை மாத்தினீங்களா?”

சொன்னேன். வெள்ளைக் கண்ணாடி, ஜன்னல் திட்டு, தேயிலை நிறம், எட்டு சொட்டு, எல்லாம். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கருப்பு பாட்டில்ல எதுக்குக் குடுத்தோம்? வெளிச்சமும் காத்தும் பட்டா வைட்டமின் சி கெட்டுப்போயிடும். அதான் பழுப்பாச்சு. கெட்டதைத் தடவினா தோல்ல சாயம் பிடிச்சுக்கும், சில பேருக்கு எரிச்சலும் வரும். விட்டுட்டா கொஞ்ச நாள்ல தானா போயிடும்.”

“அப்ப சிவப்புதான் மருந்தா?”

“இனிமே மறைச்சு என்ன? கெட்டுப்போய் அதுவே காட்டிக் குடுத்துடுச்சு.”

அப்படியானால் நீல நூல் பாட்டிலில் ஒன்றுமே இல்லை. அண்ணாச்சி தெளிச்சலாக இருக்கிறது என்று பார்த்த இடது கன்னத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

“உங்க கணக்கை இனி சேர்க்க முடியாது. கடைசி நாள் மட்டும் வந்து நோட்டைக் குடுத்துடுங்க. மிச்ச மருந்து எங்க?”

“கொட்டிட்டேன் மேடம்.”

கொட்டவில்லை. தொலையவும் இல்லை. ஆகஸ்ட் 20 மதியம் விடுதிக்குப் போனது சாப்பிட அல்ல. பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்து, நாலு மணிக்கு யாழினி கையில் வைத்து அமுக்கினேன். “ராத்திரிக்குப் போடு. நாள் ஆக ஆக வீரியம்” என்று வேறு சொன்னேன். செல்வக்கனி பழுப்பு என்று சொன்ன பிறகு கொடுத்தேன். கண்ணாடியில் நானே பார்த்த பிறகு கொடுத்தேன். அந்த மஞ்சள் சேலையில் அவளை அவ்வளவு அழகாகப் பார்த்தவள் நான். பார்த்த கையோடு, நீ இன்னும் கொஞ்சம் வெளுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பாவியும் நான்தான்.

கல்யாணம் செப்டம்பர் 4. ஒன்பது நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 27

எங்கள் கடையில் ஒரு சட்டம். வாங்க வந்தவர்களின் நம்பரை எடுத்து நாங்களாகப் போன் செய்யக் கூடாது. செய்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நம்பர் பட்டுப் பிரிவு பில் புத்தகத்தில் இருக்கிறது. நான் போய் எடுத்தால் அண்ணாச்சி கேட்பார். லிஸ்ட்டுக்கு ஐந்தே நாள். பேசாமல் இருந்தால் மாடி எனக்கு. சாயம் தானாகப் போய்விடும் என்று மேடமே சொன்னார். அதற்குள் போகுமா? எரிச்சல் வந்தால்? காலையில் பல் துலக்கும்போது நாலு தடவை இதையே போட்டுக் குழப்பினேன்.

கடைசியில் செல்வக்கனியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். சுண்ணாம்பு அடித்தவளுக்கு முன்னால் தேயிலை பூசியவள் தலை குனிந்து நின்றேன். அவள் ஏசுவாள் என்று பார்த்தேன். அவளோ மேலே போய் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து, தன் போனையும் கொடுத்தாள்.

யாழினிதான் எடுத்தாள்.

“பாப்பா, கடையில இருந்து பேச்சி பேசுதேன். அந்த பாட்டில உடனே நிறுத்து. அது கெட்டுப்போனது. தெரியாமக் குடுத்துட்டேன்.”

“அய்யோ அக்கா, நல்லா வேலை செய்யுது. ஒரு வாரமா போடுறேன். கலர் வந்திருக்குன்னு அத்தையே சொன்னாங்க.”

சாயம் ஏறிய முகத்தைப் பார்த்து, கலர் வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்! இவர்கள் கண்ணில் என்னத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்?

“அது கலரு இல்ல, கறை. ஜன்னல்கிட்ட போய் வெளிச்சத்துல பாரு.”

ஜன்னல் கதவு திறக்கிற சத்தம் போனில் கேட்டது. பிறகு குரல் உடைந்து வந்தது. “நிறுத்திட்டா மறுபடி கருத்துடுவேனாக்கா?”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “நீ கருப்புதான்ட்டி. நானும் கருப்புதான். அந்த மஞ்சப் பட்டு நமக்குத்தான் எடுக்கும். வெள்ளத்தோல்காரிக்கு அது எடுக்கவே செய்யாது. அந்த போட்டோவ எடுத்துப் பாரு. அதுல உன் மூஞ்சில என்ன கொற இருக்கு?”

“யாருடி அது, போன்ல?” என்று அத்தையின் குரல் கேட்டது. போன் கை மாறியது. நான் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 1

லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். பட்டுப் பிரிவு, ஏழாவது பெயர், பேச்சியம்மாள். அதன்மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.

“கஸ்டமர் வீட்டுக்குப் போன் போட்டு, பொண்ணக் கருப்புன்னு சொன்னியாமே?” என்றார் அண்ணாச்சி.

“ஆமா அண்ணாச்சி. நீங்களும்தான் பொண்ணு உன் கலருன்னு சொன்னீங்க.”

“அது வியாபாரம் பிள்ள. உன்ன வீட்டுக்கு அனுப்பாம விட்டேன்னு சந்தோசப்படு. சீஸனுக்கு ஆள் இல்ல, அதான்.”

மிதியடி உதறினேன். நம்பர் யார் கொடுத்தது என்று கேட்டார். நானே எடுத்தேன், செல்வக்கனி போனையும் அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5

செல்வக்கனி சாப்பாட்டு நேரத்தில் கீழே வந்து போனை நீட்டினாள். யாழினி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ‘கறை போயிடுச்சு. அந்த அக்காகிட்ட காட்டுங்க’ என்று எழுதியிருந்தாள்.

மணவறையில் உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள் பட்டு, அரக்கு பார்டர். முகத்தைப் பார்த்தேன், ஆளே தெரியவில்லை. மேக்கப் செய்தவள் ரோஸும் வெள்ளையுமாக அப்பி வேறு ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். என் சாயத்தைக் கழுவினாள், அவர்கள் சாயத்தைப் பூசிவிட்டார்கள்.

கையை மட்டும் மறந்துவிட்டார்கள். தாலியை ஏந்திய மாதிரி நெஞ்சோரம் இரண்டு கை. நல்ல கருங்கை, மருதாணி, கண்ணாடி வளையல். படத்தைப் பெரிதாக்கி அதையே பார்த்தேன். மஞ்சள் சேலைக்கு அந்தக் கைதான் எடுத்தது.

செல்வக்கனி, “ஏட்டி, சோத்தத் தின்னு” என்றாள். அழுதுகொண்டே தின்றேன்.

செப்டம்பர் 7

முகூர்த்தக் கூட்டம். மேலே செல்வக்கனி தோளில் மயில்கழுத்துப் பச்சையைப் போட்டு ஒரு மாநிறப் பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தாளாம். நடுவில் நிறுத்திவிட்டு, “இது எனக்கு எடுக்காதுக்கா. கீழ பேச்சின்னு ஒருத்தி இருக்கா, அவ போட்டுக் காட்டுனா உங்களுக்குத் தெரியும்” என்றாளாம். அண்ணாச்சி முறைத்துக்கொண்டே இன்டர்காமை எடுத்தாராம். ஏறினேன், போட்டுக் காட்டினேன், விற்றேன், இறங்கினேன். பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் படிக்கட்டுத் திருப்பத்து ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 9

கிண்டி. வலது 430. இடது 429. எட்டு வாரம் கழித்துப் பேச்சியம்மாள் பழையபடி பேச்சியம்மாள்.

மேடம் கடைசியாக ஒரு தாள் கொடுத்தார். கணக்கில் சேராதவர்களும் நிரப்ப வேண்டுமாம். என்ன எழுதினேன் என்று இந்த நோட்டிலும் எழுதிவிட்டுத்தான் தருவேன்.

முகநிறத்தில் மாற்றம் தெரிந்ததா? தெரிந்தது, கறுத்தது.

மற்றவர்கள் யாராவது கவனித்தார்களா? எங்கள் அண்ணாச்சி. வெளுத்திருக்கிறது என்றார். மருந்து இல்லாத கன்னத்தைப் பார்த்து.

இந்தத் தயாரிப்பை உங்களுக்கு வேண்டியவர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் இருந்தது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “டிக் பண்ணுங்க, போதும்” என்றார்.

டிக் பண்ணவில்லை. பக்கத்தில் எழுதினேன்: முன்னமே ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அழகாக இருந்த அன்றைக்கே கொடுத்தேன்.